ஃப்ரீடா காலோ: பூக்கிரீடத்துக்குக் கீழே ஒரு பெரிய கதை இருக்கு!

தலை நிறைய பூ, சேர்ந்த புருவம், கலர் கலரா டிரெஸ். இந்த முகத்தை டி-ஷர்ட், போன் கவர், துணிப்பைன்னு எங்கேயாவது நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. மெக்ஸிகோவின் ஓவியர் ஃப்ரீடா காலோதான் அது. அவர் போட்டிருந்த உடைகளோட பேர் என்ன, அதையே ஏன் தேர்ந்தெடுத்தார்னு தெரியுமா?

1907-ல், மெக்ஸிகோ சிட்டியை ஒட்டிய கொயோகானில் பிறந்தார் ஃப்ரீடா. அப்பா ஜெர்மனியிலிருந்து வந்த போட்டோகிராபர். அம்மா ஸ்பானிய, பூர்வகுடி கலப்பு வம்சம். 6 வயசுல போலியோ வந்து வலது கால் சூம்பிப்போச்சு. 1925-ல், 18 வயசுல, அவர் போன பஸ் மேல டிராம் மோதியது. ஒரு இரும்புக் கம்பி இடுப்பைத் துளைக்க, முதுகெலும்பும் உடைந்தது. டாக்டர் ஆகணும்ங்கிற கனவு அதோட முடிஞ்சது. கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடியை மாட்டிக்கொடுத்தாங்க. அதுல தெரிஞ்ச தன் முகத்தையே வரைய ஆரம்பிச்சார்.

1929-ல் ஓவியர் தியேகோ ரிவேராவைத் திருமணம் செய்துகொண்டார். மெக்ஸிகோ புரட்சி முடிந்து, ஐரோப்பிய மோகத்தைவிட்டு மக்கள் தங்கள் வேர்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. தான் பிறந்த வருஷத்தையே, புரட்சி தொடங்கிய 1910-னு மாத்திச் சொல்லிக்குவார் ஃப்ரீடா. தெஹுவானா உடை அவருடைய அடையாளமாக மாறியதும் அப்போதுதான். தெற்கு மெக்ஸிகோவின் தெஹுவான்டெபெக் பகுதியில், சந்தை வியாபாரத்தைத் தங்கள் கையில் வைத்திருந்த ஸபோடெக் இனப் பெண்களின் உடை அது.

ஒவ்வொரு துணிக்கும் ஒரு பேர் இருக்கு. மேலே போடுற சதுர வடிவ ரவிக்கை 'வீபில்'. இது நாவாட்ல் என்ற பூர்வகுடி மொழியிலிருந்து வந்த சொல். கீழே கணுக்கால் வரை விழும் பாவாடை 'எனாகுவா'. தோளைச் சுற்றும் நீளத் துணி 'ரெபோஸோ'. போர்த்தி மூடுவது என்ற பொருளுள்ள ஸ்பானியச் சொல்லில் பிறந்த பேர். விசேஷ நாள்ல முகத்தைச் சுற்றி வெள்ளை லேஸ் விரிய அணிவது 'ரெஸ்ப்ளாண்டோர்'. ஸ்பானிய மொழியில் பிரகாசம்னு அர்த்தம்.

இதெல்லாம் வெறும் அழகுக்காக இல்லை. நீளமான எனாகுவா சூம்பிய காலை மறைத்தது. இறுக்கம் இல்லாத வீபில், உடம்பைத் தாங்கிய பிளாஸ்டர் கவசத்துக்கு மேலே சுலபமா உட்கார்ந்தது. பூவும் நகையும் பார்க்கிறவங்க கண்ணை முகத்துக்கு இழுத்தது. உடம்பை மறைக்கணும், ஆனா நாலு பேர் நம்மளைப் பார்க்கவும் செய்யணும். ரெண்டையும் ஒரே உடை செய்தது.

1939-ல் தியேகோவோடு விவாகரத்து. அந்த வருஷம் வரைந்த 'இரண்டு ஃப்ரீடாக்கள்' ஓவியத்தில் ஒருத்தி ஐரோப்பிய வெள்ளை கவுனில், இன்னொருத்தி தெஹுவானா உடையில் இருப்பாங்க. 1940-ல் வரைந்த படத்துல முடியை வெட்டிட்டு, ஆம்பளை கோட் சூட்ல கத்தரியோட உட்கார்ந்திருப்பார். அதே வருஷக் கடைசியில் அவங்க மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 1943-ல் முடித்த ஓவியத்தில், ரெஸ்ப்ளாண்டோருக்கு நடுவே தன் முகம், நெற்றியில் தியேகோவின் முகம். மனசுல நடந்ததை உடையை வச்சே அவர் சொன்னார்.

1953-ல் சொந்த நாட்டில் முதல் தனிக் கண்காட்சி. எழுந்து நிற்க முடியாததால், ஆம்புலன்ஸில் வந்து கட்டிலில் படுத்தபடியே கலந்துகொண்டார். அதே வருஷம் வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. செயற்கைக் காலுக்கும் எம்பிராய்டரி போட்ட சிவப்பு பூட்ஸ் செய்து மாட்டிக்கொண்டார். 1954 ஜூலை 13-ல், 47 வயசுல இறந்தார்.

அவருடைய உடைமைகள் பல அந்த வீட்டின் குளியலறையில் பூட்டிவைக்கப்பட்டன. 2004-ல் திறந்தபோது கிடைத்தவை: சுமார் 300 உடைகள், நகைகள், மருந்துகள், அவரே ஓவியம் தீட்டிய பிளாஸ்டர் கவசங்கள், அந்தச் சிவப்பு பூட்ஸ்.

ஒண்ணு மட்டும் யோசிங்க. ஃப்ரீடா ஸபோடெக் பெண் இல்லை. அந்த உடையை நெய்து, எம்பிராய்டரி போட்ட பெண்களின் பேர் எந்த டி-ஷர்ட்டிலும் இல்லை. தெஹுவான்டெபெக் பகுதியில் இன்னிக்கும் பெண்கள் திருவிழாவுக்கு அதே வீபில், எனாகுவாவைத்தான் உடுத்துறாங்க. அடுத்த தடவை ஃப்ரீடா படம் போட்ட பையை வாங்கும்போது, அவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.