ஹாரி குரோ பக் துரையவர்கள்

மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவன் யான். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் எம்மூரே என்று அறிஞர் பலர் கருதுவர். எனினும் இக்கட்டுரை நல்லியக்கோடனைப் பற்றியதன்று. கடல் கடந்து வந்து சென்னையில் வாழ்ந்த ஓர் அமெரிக்கரைப் பற்றியது.

சென்ற கோடை விடுமுறையில் உப்பளத் தொழிலாளர் வீட்டுச் சிறுவர் பதின்மர் பனங்கம்பத்தில் இரும்பு வளையம் கட்டிக் கூடைப்பந்து ஆடினர். கல்லூரியிற் படிப்பவன் என்ற ஒரே காரணத்தால் என் கையில் விசிலைக் கொடுத்தனர். விதிகள் எனக்கு மனப்பாடம். ஆயினும் ஓடும் கால்களையும் பந்தையும் ஒருங்கே காண இயலாது தடுமாறினேன். முடிவில், செய்யாத குற்றத்தை ஒரு சிறுவன்மேற் சுமத்திவிட்டேன். அவன் ஒரு சொல்லும் பேசாது வெளியேறி, பாத்தி வரப்பின்மேல் அமர்ந்துகொண்டான்.

கல்லூரிக்குத் திரும்பியதும் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியரிடம் இதனைக் கூறினேன். அவர் சென்னை நந்தனத்திற் பயின்றவர். அவர் வாயிலாகவே பக் துரையவர்களின் வரலாற்றைத் தேடும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

பக் துரை 1884ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியாவிற் பிறந்தார். அவர் பயின்ற இடம் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு. கூடைப்பந்தின் தொட்டிலும் அதுவே. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் அங்கே பதினெட்டு மாணவரை இரு பிரிவாக்கி, பதின்மூன்று விதிகளை எழுதி, முதல் ஆட்டத்தை நடத்தினார். பந்தோடு ஓடலாகாது, பிடித்துத் தள்ளலாகாது என்பன அவ்விதிகளுட் சில. அவற்றுள் என் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஆட்டத்திற்கு இருவர் நடுவராக வேண்டும் என்று நெய்ஸ்மித் வகுத்தார். ஒருவர் ஆடுவோரின் நடத்தையைக் கவனிப்பவர், மற்றவர் பந்தையும் காலத்தையும் கவனிப்பவர். மனிதனையும் பந்தையும் ஒருவனே முற்றக் காணுதல் அரிது என்பதை அவர் முதல் நாளிலேயே உணர்ந்திருந்தார் போலும்! நான் அதனை உணர மரக்காணம் வரை செல்ல வேண்டியதாயிற்று.

நெய்ஸ்மித்தின் மாணவருள் ஒருவரான டங்கன் பாட்டன் என்பவரே 1894இல் இவ்விளையாட்டை இந்தியாவிற்குக் கொணர்ந்தார் என்பர். விளையாட்டு வந்துவிட்டது, அதனைக் கற்பிப்பாரும் முறைப்படி நடத்துவாரும் வேண்டுமே! ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் பணியாளராக 1919இல் இந்நாட்டிற்கு வந்த பக் துரை, அடுத்த ஆண்டிலேயே சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாணவர் ஐவர், ஆசிரியர் இருவர், துரையும் அவர்தம் மனைவியாரும். அவ்விருவர் பள்ளியே பின்னர் கல்லூரியாக வளர்ந்து, அடையாற்றங்கரையில் நந்தனத்தில் இன்றும் நடைபெற்று வருகின்றது. ஆசியாவில் இத்துறைக்கென எழுந்த முதற்கல்லூரி அது என்பர்.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திற்கு இந்தியாவினின்று ஒரு சிறு அணி சென்றது. அதற்கான தேர்வுப் போட்டிகள் டெல்லியில் நடந்தன. அவ்வணியை அழைத்துச் சென்ற பொறுப்பு பக் துரையவர்களுடையது. பலரும் அவரை இதனாலேயே நினைவு கூர்வர். எனக்கோ அவர் தொகுத்த விளையாட்டு விதிநூலே பெரிதாகத் தோன்றுகின்றது. ஒரூரில் ஒரு விதியும் மற்றோரூரில் வேறு விதியுமாக ஆடினால், இரண்டு பள்ளிகள் சண்டையின்றி எதிர்நின்று ஆடுவது எங்ஙனம்? பல விளையாட்டுகளின் விதிகளை ஒரே நூலில் அச்சிட்டுப் பள்ளிகளுக்கு எட்டச் செய்தது புகழ் தராத உழைப்பு. ஆனால் அஃதின்றி நடுவர் என்றொருவர் நிற்க இடமே இல்லை.

நூல் மட்டும் போதாது என்பதையும் அவர் கல்லூரி அறிந்திருந்தது. அங்குப் பயில்வோர் பள்ளிச் சிறுவரை ஆடவைத்தே தம் தொழிலைப் பழக வேண்டும். எங்கள் ஆசிரியரும் அவ்வாறே பழகியவர். சிறுவர் ஆட்டத்தில் ஓட்டம் மெதுவானது. தவறுகளோ மிகப் பல. ஆதலால் புதியவன் கண் பழகுவதற்கு அதுவே ஏற்ற களம். ஒருவன் கூடையின் அருகிலும் மற்றவன் பந்தின் பின்புறத்திலும் நிற்க வேண்டும்; பந்தையே பார்த்து நில்லாது, பந்துடையானைத் தடுப்பவனுடைய கைகால்களை நோக்க வேண்டும். கண்ட பின்னரே ஊத வேண்டும், ஊகித்து ஊதலாகாது. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு அவர் மேலும் ஒன்று கூறினார். பெரியோர் ஆட்டத்தில் நடுவர் பிழைத்தால் கூட்டமே கூச்சலிட்டு உணர்த்திவிடும். சிறுவன் பேசமாட்டான், தான்தான் தவறினான் என்று நம்பிவிடுவான். ஆகவே அவ்விடத்து நேர்ந்த பிழையை நடுவன் தானே கண்டுபிடித்தாலன்றி வேறொருவரும் கண்டுபிடியார்.

வரப்பின்மேல் அமர்ந்திருந்த அச்சிறுவனின் முகம் என் கண்முன் வந்தது.

பக் துரையவர்கள் 1943இல் காலமானார். இந்திய உடற்கல்வியின் தந்தை என்று அவரை வழங்குவர். இருபதாண்டுகளுக்கு மேலாக அவர் பயிற்றுவித்தவர்களும், அவர்களிடம் பயின்றவர்களும் பல பள்ளிகளில் விசில் பிடித்தனர். அவ்வரிசையின் கடைக்கோடியில், ஒருநாள் மாத்திரம், தகுதியின்றி நின்றவன் யான்.

பூஜா விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அச்சிறுவனைத் தேடிப்போய், அன்று பிழை செய்தவன் நானே என்றேன். அவன் சிரித்துவிட்டு, சாயங்காலம் ஆட்டம் இருக்கிறதண்ணா, விசில் கொண்டு வந்தீர்களா என்று கேட்டான்.