ஒரு நொடியையும் வீணாக்காத புனிதர்

துறவியர் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுப்பதை நாம் அறிவோம். ஆனால், வாழ்நாளில் ஒரு நொடியையும் வீணாக்குவதில்லை என்று இறைவனுக்கு வார்த்தைப்பாடு கொடுத்த ஒருவரும் திருச்சபையில் இருக்கிறார். அவர்தான் ஆகஸ்ட் 1-ஆம் நாள் நாம் விழா கொண்டாடும் புனித அல்போன்ஸ் மரிய லிகோரி. நேரத்தைப் பொன்போல் மதித்த அவர், அந்த நேரத்தை யாருக்காகச் செலவிட்டார் என்பதை இன்று சிந்திப்போம்.

1696-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள மரியனெல்லாவில் உயர்குடிக் குடும்பம் ஒன்றில் அல்போன்ஸ் பிறந்தார். தந்தை கடற்படை அதிகாரி. மகன் பெரிய வழக்கறிஞராக வேண்டும் என்பது அவரது ஆசை. அல்போன்சும் அயராது படித்தார். 16 வயதிலேயே திருச்சபைச் சட்டம், குடிமைச் சட்டம் இரண்டிலும் முனைவர் பட்டம் பெற்றார். நீதிமன்றத்தில் அவரது புகழ் வளர்ந்தது. ஆனால் 1723-ஆம் ஆண்டு மிகப் பெரிய வழக்கு ஒன்றில் அவர் தோற்றுப்போனார். அந்தத் தோல்வி அவரது உள்ளத்தைப் புரட்டிப்போட்டது. அதே ஆண்டில், தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது இறைவனின் அழைத்தலை உணர்ந்தார். நேராக அன்னை மரியாவின் ஆலயத்துக்குச் சென்று, உயர்குடியினரின் அடையாளமான தமது உடைவாளைப் பீடத்தில் வைத்துவிட்டார். தந்தையின் எதிர்ப்பையும் மீறிக் குருத்துவப் பயிற்சியில் சேர்ந்து, 1726-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் குருவானார்.

அந்நாள்களில் நேப்பிள்ஸ் நகரின் ஏழைத் தொழிலாளர்கள் பகல் முழுவதும் பிழைப்புக்காக உழைத்தார்கள். மாலையில்தான் அவர்களுக்கு ஓய்வு. எனவே அல்போன்ஸ் மாலை நேரத்திலேயே அவர்களைக் கூட்டினார். செபமும் மறைக்கல்வியும் நடந்த இந்தக் கூட்டங்கள் 'மாலைச் சிற்றாலயங்கள்' என்று அழைக்கப்பட்டன. தமக்கு வசதியான நேரத்துக்கு மக்களை வரச் சொல்லாமல், மக்களுக்கு வசதியான நேரத்தைத் தமது நேரமாக்கிக் கொண்டார்.

இடைவிடாத உழைப்பு அவரது உடல்நலத்தைக் கெடுத்தது. 1730-ஆம் ஆண்டு, ஓய்வெடுப்பதற்காக அமால்ஃபி கடற்கரைக்கு மேலே உள்ள ஸ்காலா மலைப்பகுதிக்குச் சென்றார். அங்கே ஆடு மேய்ப்பவர்களைச் சந்தித்தார். நகரத்தில் குருக்கள் நிறைந்திருக்க, இந்த எளியவர்களுக்கு நற்செய்தி சொல்ல ஆளில்லை என்பதைக் கண்டார். ஓய்வுக்குப் போன இடத்தில் பெற்ற இந்த அனுபவத்திலிருந்துதான், 1732-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் ஸ்காலாவில் மீட்பர் சபை பிறந்தது. இன்று சதா சகாய அன்னையின் நவநாளைச் செபிக்கும் நாம் இந்தச் சபைக்குக் கடன்பட்டிருக்கிறோம். உரோமையிலுள்ள அன்னையின் திருப்படத்தை 1866-ஆம் ஆண்டு முதல் பாதுகாத்து, அந்தப் பக்தியை உலகெங்கும் பரப்பியவர்கள் அல்போன்சின் பிள்ளைகளே.

நேரத்தைப் பற்றிய வார்த்தைப்பாட்டின் பலனை அவரது எழுத்துகளில் காணலாம். சிறியதும் பெரியதுமாக அவர் வெளியிட்ட நூல்கள் 111. அவற்றில் பெரும்பாலானவை மறையுரைப் பயணங்களுக்கும் சபைப் பொறுப்புகளுக்கும் இடையே, ஐம்பது வயதை ஒட்டியும் அதற்குப் பின்னும் எழுதப்பட்டவை. தலைவலி வாட்டும்போது குளிர்ந்த பளிங்குக்கல்லை ஒரு கையால் நெற்றியில் அழுத்திக்கொண்டு மறு கையால் எழுதினார் என்று அவரது வரலாறு சொல்கிறது. 1748-ஆம் ஆண்டு வெளிவந்த ஒழுக்கநெறி இறையியல் நூல் அவரது வாழ்நாளிலேயே ஒன்பது பதிப்புகளைக் கண்டது. இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் இசைக்கு அவரிடம் நேரம் இருந்தது. இத்தாலிய மக்கள் இன்றும் விரும்பிப் பாடும் கிறிஸ்து பிறப்புப் பாடல் அவர் தந்தது.

1762-ஆம் ஆண்டு, 65 வயதில், சாந்த் ஆகத்தா தேய் கோத்தி மறைமாவட்டத்தின் ஆயராக நியமிக்கப்பட்டார். தயங்கினாலும் திருத்தந்தைக்குக் கீழ்ப்படிந்து ஏற்றுக்கொண்டார். 1763, 1764-ஆம் ஆண்டுகளில் கொடிய பஞ்சம் வந்தபோது, தம் வண்டியையும் கோவேறு கழுதைகளையும் விற்று ஏழைகளுக்கு உணவளித்தார். 1768-ஆம் ஆண்டு வந்த கடுமையான வாதநோய் அவரது கழுத்தை வளைத்தது. தாடை நெஞ்சில் அழுந்திப் புண்ணானது. நிமிர முடியாத அந்த நிலையிலும் மறைமாவட்டத்தை வழிநடத்தினார். 1775-ஆம் ஆண்டுதான் அவரது பதவி விலகல் ஏற்கப்பட்டது.

இறுதி ஆண்டுகள் எளிதானவை அல்ல. சபையின் ஒழுங்குகள் தொடர்பான குழப்பத்தில், தாம் தொடங்கிய சபையிலிருந்தே 1781-ஆம் ஆண்டு விலக்கி வைக்கப்பட்டார். எழுதவும் மறையுரையாற்றவும் வலுவிழந்தபோது, மீதியிருந்த நேரம் முழுவதும் செபமாக மாறியது. 1787-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் நாள், பகானி நகரில், நண்பகல் மூவேளை செபத்தின் மணி ஒலித்த வேளையில், 90 வயதில் இறைவனடி சேர்ந்தார். 1839-ஆம் ஆண்டு புனிதராகவும், 1871-ஆம் ஆண்டு மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார்.

அன்பார்ந்தவர்களே, நேரத்தை வீணாக்காமல் இருப்பது என்றால் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது என்று நாம் நினைக்கிறோம். இந்தப் புனிதர் வேறொன்றைக் கற்றுத் தருகிறார். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்த நேரமும், மலையில் எடுத்த ஓய்வும், முதுமையின் மௌனமும் அவருக்கு வீணாகவில்லை. ஏனெனில் யாருக்கும் நேரம் கிடைக்காத மனிதர்களுக்கு அவர் தம் நேரத்தைக் கொடுத்தார்; மீதியை இறைவனுக்குக் கொடுத்தார்.

நம் வீட்டில் பேச ஆளின்றிக் காத்திருக்கும் முதியவர் உண்டா? நாம் கைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்க மாட்டோமா என்று ஏங்கும் குழந்தை உண்டா? இன்று இரவு படுக்கப் போகுமுன், எத்தனை வேலைகளை முடித்தேன் என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், என் நேரம் இன்று யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் கேட்போம். போன நேரம் திரும்பாது. ஆனால் அன்பாகக் கொடுத்த நேரம் இறைவனிடம் பத்திரமாக இருக்கும்.