கிழியாத தோற்சால் தேடிய பேராசிரியர்

வயலின் வளம் நீரில் தொடங்குகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் காவிரிக் கரையையும் அதன் வாய்க்கால் பாசனத்தையும் விட்டு விலகினால், உழவனுக்குக் கிணறே கதி. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாவதற்கு நெடுங்காலம் முன்பே, இந்நிலப்பரப்பெங்கும் ஆழ்கிணறுகளிலிருந்து கவலை இறைத்தே பயிர் காத்தனர் நம் முன்னோர். எருதுகள் சரிவான பாதையில் இறங்க, வடக்கயிற்றில் கட்டிய சால் நீருடன் மேலெழும்; அதன் அடியில் தும்பிபோல் நீண்ட தோற்குழாய் வழியே நீர் தொட்டியில் கொட்டும். இக்காட்சியை இன்றைய மாணவர் கண்டிருக்க வழியில்லை. ஆனால், அந்தத் தோலின் கிழிசலோடு தொடர்புடைய ஓர் அறிஞரின் வாழ்வு அவர்கள் அறிய வேண்டிய ஒன்றாகும். அவரே சர் ஆல்பிரட் சாட்டர்டன்.

கவலையின் உயிர்நிலை தோலே. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் நாள்தோறும் நனைந்தும் காய்ந்தும் வந்தால், அதிலுள்ள பதச்சாறு சிறிது சிறிதாக நீரில் கரைந்து போகும். பின்னர்த் தோல் விறைத்து வெடிக்கும், அல்லது அழுகும். கிணற்றுச் சுவரின் கல்லில் உராய்ந்தும் அது கிழியும். இவற்றினும் கொடியது கண்ணுக்குப் புலப்படாத பழுது. மாட்டை உரிக்கும்போது கத்தி சற்றே வழுகினால் தோலின் உட்புறத்தில் சிறு கீறல் விழும். பச்சைத் தோலில் அது தெரியாது. பதனிட்டு இழுத்து விரித்த பின்னரோ, நீரின் சுமை ஏறிய பின்னரோ அக்கீறலின் முனையிலிருந்து கிழிசல் நீளும்.

அதைச் செப்பனிட்டுத் தந்தவர்கள் கொங்கு நாட்டு அருந்ததியர் பெருமக்கள். கிழிந்த ஓரத்தை ஒழுங்காக அரிந்து, வேறு தோல்துண்டை ஒட்டுப் போட்டு, ஊசியால் துளையிட்டுத் தோல்வாரால் நெருக்கித் தைத்தனர். தையல் நெருக்கமாயின் நீர் ஒழுகாது. அளவுக்கு மீறி நெருங்கினால் துளைகளின் வரிசையே புதிய கிழிசலாகிவிடும். இந்நுட்பத்தை எந்த நூலும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. ஊரின் நெல்லும் சோளமும் அவர்தம் விரல்நுனியைச் சார்ந்திருந்தன. ஆயினும் ஊர் அவர்களை ஒதுக்கியே வைத்தது. இது வரலாற்றின் வடு.

1866இல் இங்கிலாந்தில் பிறந்த சாட்டர்டன், 1888இல் சென்னைப் பொறியியற் கல்லூரியின் பேராசிரியராக இந்நாட்டிற்கு வந்தார். வகுப்பறையோடு அன்னாரின் பணி நிற்கவில்லை. ஒரு கிணற்றிலிருந்து நீர் இறைக்க எத்தனை எருது, எத்தனை ஆள், எவ்வளவு செலவு என்பவற்றைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். எண்ணெய் எந்திரத்தால் நீரிறைக்கும் முறையை உழவர்க்கு அறிமுகம் செய்தார். 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி, அது வேரூன்றிய பின் 1903இல் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். அரசு முன்னின்று ஒரு தொழிலை நடத்திக் காட்ட வேண்டும். அது இலாபம் தருமென்று தெளிந்ததும் மக்களிடம் விட்டுவிட வேண்டும். இதுவே அவரது கொள்கை.

அதே 1903இல் அவர் கவனம் தோலின்பால் திரும்பியது. மேலைநாடுகளில் பரவி வந்த குரோம் பதனிடு முறையைச் சென்னையில் சோதிக்கலானார். கவலைக்கேற்ற உறுதியான தோலை உண்டாக்குவது அச்சோதனையின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. குரோமிய உப்பு தோலின் நார்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கிறது. நீரில் எளிதில் கரைந்து வெளியேறுவதில்லை. பட்டை முறையில் வாரக் கணக்கில் ஆகும் பணி இம்முறையில் சில நாட்களில் முடிந்துவிடும். அத்தோலால் சால் மட்டுமன்றிக் காலணியும் செருப்பும் செய்யப்பட்டன.

தோல் வாணிகத்தில் தமிழ் முஸ்லிம்களின் பங்கு நாடறிந்தது. பதனிடுதலால் தோல் தூய்மை பெறுகிறது என்பது நம் மார்க்கச் சட்டம். ஆகவே பிறர் இழிவெனக் கருதிய தொழிலை நம்மவர் தயக்கமின்றி மேற்கொண்டனர். அத்தகையோர் நிறைந்த வாணியம்பாடி 1911 வரை சேலம் மாவட்டத்தின் திருப்பத்தூர் வட்டத்தில் இருந்த ஊர் என்பது பலர் அறியாத செய்தி. ஆனால், அக்காலத்தில் அரைப்பதனிட்ட தோலே பெரும்பாலும் கப்பலேறியது. இறுதி மெருகும் அதன் இலாபமும் அயல்நாட்டிற்கே சென்றன. முழுத்தோலை இங்கேயே ஆக்க முடியுமென்று காட்டியதே சாட்டர்டனின் முயற்சியால் விளைந்த பெரும்பயன்.

சேலம் நகரோடும் அவருக்கு நேரடித் தொடர்புண்டு. 1906இல் அங்கு நெசவுச்சாலை ஒன்றை நிறுவி, விசைநாடாத் தறியில் நெய்யச் செய்தார். ஆயினும், வீட்டுத் தறியில் தம் விருப்பம்போல் உழைத்துப் பழகிய நெசவாளர், மணியடித்தால் வந்து மணியடித்தால் போகும் ஆலைமுறையை விரும்பவில்லை. கருவியை மாற்றுவது எளிது; வாழ்முறையை மாற்றுவது அரிது என்பதை அச்சாலை உணர்த்திற்று.

இந்நிலையில் ஐரோப்பிய வணிகர்கள் போர்க்கொடி உயர்த்தினர். அரசு தொழில் நடத்துவது தனியார் உரிமையில் தலையிடுவதாகும் என்பது அவர்தம் வாதம். இந்திய அமைச்சர் மார்லி பிரபு 1910இல் அவ்வாதத்தை ஏற்று, அரசின் பணி தொழிற்கல்வியோடு நிற்க வேண்டுமென ஆணையிட்டார். குரோம் தோல் தொழிற்சாலை ரேவா சமஸ்தானத்தாருக்கு விற்கப்பட்டது. சேலம் நெசவுச்சாலையும் முடிவுக்கு வந்தது. பல்லாண்டு உழைப்பு ஒரு கையெழுத்தால் நின்றது.

சாட்டர்டன் துவண்டுவிடவில்லை. 1912இல் மைசூர் சமஸ்தானம் சென்று, விசுவேசுவரய்யா திவானாக விளங்கிய காலத்தில் தொழில்துறையை வழிநடத்தினார். சந்தன எண்ணெய்த் தொழில் அங்கு உருவானதில் அவருக்குப் பங்குண்டு. 1916இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்தில் மதன்மோகன் மாளவியா, பசல்பாய் கரீம்பாய் ஆகியோருடன் உறுப்பினரானார். 1918இல் வெளிவந்த அதன் அறிக்கை, தொழில் வளர்ச்சியில் அரசு பங்கேற்க வேண்டுமென்றது. எட்டாண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட கொள்கை இவ்வாறு மீண்டும் தலைநிமிர்ந்தது. 1919இல் சர் பட்டம் பெற்ற அவர், 1958இல் மறைந்தார்.

அவர் ஆட்சியாளர் இனத்தைச் சேர்ந்தவர். அவரது முயற்சிகள் யாவும் வெற்றி பெறவுமில்லை. குரோம் முறையே பின்னாளில் பாலாற்றங்கரை நீரையும் நிலத்தையும் கெடுத்ததும், 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் கடுந்தீர்ப்பு வழங்கியதும் மறைக்கத்தக்கன அல்ல. கவலையும் மின்சார இறைப்பான்களின் வருகையால் மறைந்தது. ஆயினும், சென்னையில் குரோம்பேட்டை என்னும் பெயர் அத்தொழிலின் அடையாளமாக நிலைத்து நிற்கிறது. 1948இல் அடையாற்றில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அறிவையும் தோலையும் இணைக்கும் பணியைத் தொடர்ந்து வருகிறது.

தொழிற்சாலையை விற்கலாம், மூடலாம். மக்களிடம் பரவிய அறிவை எந்த ஆணையாலும் திரும்பப் பெற இயலாது. பயன்தரும் கல்வியை நிலையான தர்மங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றும் சமுதாயம் நம்முடையது. உழவனின் கிழிந்த சாலை ஒரு பேராசிரியர் தம் ஆய்வுக்குரிய பொருளாகக் கொண்டார்; அதனை ஊசியும் வாருமாய்ச் செப்பனிட்ட கைகளோ பெயரின்றி மறைந்தன. அவ்விருவரையும் ஒருசேர மதிக்கக் கற்பதே கல்லூரிக் கல்வியின் பயன். மாணவர்கள் தம் ஊரின் சிறு குறையைக் கூர்ந்து நோக்குவார்களாக! அங்கேதான் பெரிய ஆய்வுகள் காத்திருக்கின்றன.