சைகை மொழி வளர்த்த சான்றோர்

மக்கள் தம் உள்ளக் கருத்தைப் பிறர்க்குப் புலப்படுத்தும் வாயில்களுள் தலையாயது பேச்சு. செவி கேளாமையால் பேச்சுப் பெறாத குழந்தைகளை, அறிவும் பெறாதவர் என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணத்தை மாற்ற முனைந்து உழைத்த பெரியாருள் ஒருவர், பிரான்சு நாட்டுச் சார்லசு மிசேல் தெ லெப்பே அடிகளார் ஆவர்.

இவர் 1712ஆம் ஆண்டில் வெர்சாய் நகரில் பிறந்தார். சமயக் கல்வி பயின்றார். தம் மனச்சான்றுக்கு ஒவ்வாத உறுதிமொழி ஒன்றில் கையொப்பமிட மறுத்தமையால், இவர் குருவாவதற்குத் தடை நேர்ந்தது. ஆதலின் சட்டமும் பயின்றார். பின்னரே குருப்பட்டம் பெற்றார்.

ஒருநாள் அடிகளார் பாரிசு நகரில் ஓர் இல்லத்திற்குச் சென்றார். ஆங்கிருந்த உடன்பிறந்த பெண்கள் இருவர், அவர் வினவியதற்கு விடை கூறிலர். அன்னை வந்து, அவ்விருவரும் செவிப்புலன் அற்றவர் என்பதையும், படங்களைக் காட்டி அவர்கட்குக் கற்பித்துவந்த ஆசிரியர் இறந்தமையையும் கூறினார். உள்ளம் உருகிய அடிகளார், அப்பெண்களின் கல்விப் பொறுப்பைத் தாமே ஏற்றார்.

அக்காலத்தில் இத்தகையோர்க்குக் கற்பித்தவருட் சிலர், செல்வர் மக்களையே ஏற்றனர். வாய்ப்பேச்சு வருவித்தலிலேயே முனைந்தனர். தம் முறையைப் பிறர் அறியாவாறு மறைத்தனர். அடிகளார் வேறு வழி கண்டார். செவிவழிச் செல்லாத சொல், விழிவழிச் செல்லலாம் என்று தெளிந்தார். கற்பிக்க வந்தவர் முதற்கண் கற்பவராயினார். மாணவர் தம்முள் வழங்கிய சைகைகளைத் தாம் கற்று, அவற்றின் துணைகொண்டே எழுத்தையும் சொல்லையும் கற்பித்தார்.

1760ஆம் ஆண்டையொட்டி அவர்தம் இல்லமே பள்ளியாயிற்று. ஏழை, செல்வர் என்னும் வேற்றுமையின்றி எல்லார்க்கும் பொருள் பெறாது கற்பித்தார். தம் முறையை 1776இல் நூலாகவும் வெளியிட்டார். 1777இல் ஆசுத்திரியப் பேரரசர் இரண்டாம் சோசப்பு அப்பள்ளியைக் கண்டு வியந்தார். அம்முறையைக் கற்றுவர ஓர் ஆசிரியரை அனுப்பி, 1779இல் வியன்னா நகரிலும் பள்ளி நிறுவச் செய்தார். 1788ஆம் ஆண்டுக் கடுங்குளிரில், மாணவர்க்காகும் பொருள் குறையுமென்று அஞ்சி, அடிகளார் தம் அறைக்குத் தீயும் மூட்டாதிருந்தார் என்பர்.

அடிகளார் 1789இல் மறைந்தார். 1791இல் பிரஞ்சுத் தேசியப் பேரவை அப்பள்ளியை அரசின் பொறுப்பில் ஏற்றது. அங்குப் பயின்று ஆசிரியரான லொரான் கிளர்க்கு என்பார், தாமும் செவி கேளாதவர். அவர் அமெரிக்கா சென்று, காலடெட்டு என்பாருடன் கூடி 1817இல் ஆர்ட்டுபோர்டு நகரில் பள்ளி தொடங்கினார்.

பிரஞ்சு இலக்கணத்தைக் காட்ட அடிகளார் புதிதாக வகுத்த சைகைகள் கற்பார்க்குச் சுமையாயின. பின்வந்தோர் அவற்றை விடுத்து, இயல்பான சைகைகளையே கொண்டனர். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பித்தல் வேண்டும் என்று தீர்மானித்தது. அதனால் பல பள்ளிகளில் மாணவரின் கைகள் கட்டுண்டன போலாயின. சைகை மொழியும் இலக்கணம் நிறைந்த மொழியே என்பதனை, 1960 முதலாக மொழிநூலார் ஆராய்ந்து நிறுவினர். சைகை மீண்டும் வகுப்பறை புகுந்தது.

பேச்சின்மை அறிவின்மை அன்று. ஒருவர் நம் மொழியில் விடை கூற இயலாதபோது, அவர் மொழியை நாம் கற்க முயல்வதே அறிவும் அன்பும் ஆகும். அடிகளாரின் வாழ்வு உணர்த்தும் உண்மை இதுவே.