ஊர் கூடி வளர்த்த பள்ளிகள்



1903-இல் விருதுநகரில் பிறந்த காமராசர் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பைப் பாதியில் விட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1954-இல் முதலமைச்சரானதும், தமக்குக் கிடைக்காத கல்வி ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வழி தேடினார்.

அரசின் பணம் மட்டும் போதவில்லை. எனவே ஊர்மக்களையும் பள்ளிக்குப் பொறுப்பாளர்கள் ஆக்கினார். 1956-இல் மதிய உணவு ஊராரின் நன்கொடையோடு தொடங்கியது. பிறகு கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. முதல் மாநாடு 1958-இல், நம் செய்யூரும் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில் கூடியது. ஆசிரியர்களும் ஊராரும் பள்ளியின் தேவைகளைப் பட்டியலிட்டார்கள். கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, சீருடை என அவரவரால் இயன்றதை ஏற்றுக்கொண்டார்கள். இந்த இயக்கம் மாநிலமெங்கும் பரவியது.

காமராசர் 1975-இல் மறைந்தார். ஊராரின் அந்தப் பொறுப்பு இன்று சட்டமாகவே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் கூட்டத்துக்குப் போகாமல் கையெழுத்து மட்டும் போட்டால், அந்த உரிமை நோட்டோடு நின்றுவிடும்.

நம் பிள்ளைகளின் பள்ளியில் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டோமா? சிந்திப்போம்.