ராமானுஜனுக்கே ரிட்டர்ன் ஆன பேப்பர்

ஸ்டெப்ஸ் எங்கேன்னு சிவப்பு மையில் சுழிச்சு, உங்க அசைன்மென்ட்டைத் திருப்பிக் கொடுத்திருக்காங்களா? அப்போ இந்தக் கதை உங்களுக்குத்தான்.

1887 டிசம்பர் 22, ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். பள்ளி வயதில் ஜி. எஸ். கார் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான தொகுப்பு அது. ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையா இருக்கும், நிரூபணம் பெரும்பாலும் ஒரு வரிக் குறிப்புதான். (நம்ம டூ மார்க்ஸ் தொகுப்பு மாதிரின்னு வச்சுக்கோங்க!) ஒவ்வொன்றையும் அவரே போட்டுப் பார்த்தார். கணக்கு வளர்ந்தது, எழுத்தும் அந்தப் புத்தகம் மாதிரியே ஆயிடுச்சு. காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார்.

1911ல் பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் கட்டுரை இந்தியக் கணிதக் கழக இதழில் வந்தது. சும்மா வரலை. படித்தால் புரியவில்லை என்று ஆசிரியர் நாராயண ஐயங்கார் மூன்று முறை திருப்பி அனுப்பினார். கணக்கு தப்புன்னு இல்லை. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு வாசகர் எப்படிப் போவார் என்பதுதான் அதில் இல்லை.

1913ல் ஹார்டிக்குப் போன கடிதத்திலும் இதே கதை: முடிவுகள் பக்கம் பக்கமா, நிரூபணம் இல்லை. ஹார்டி கேட்டதும் அதைத்தான். பகா எண்கள் பற்றி அதில் சொன்ன சில முடிவுகள் பிறகு தவறென்று தெரிந்தது. படிப்படியா எழுதியிருந்தா ஓட்டை அவர் கண்ணிலேயே பட்டிருக்கும்னு எனக்குத் தோணுது.

கேம்பிரிட்ஜ் போனபின் 1915ல் வந்த கட்டுரையைப் பாருங்க. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்கள் பற்றியது. 12க்கு ஆறு வகுத்திகள். அதற்குக் கீழே எதற்கும் நான்குக்கு மேல் கிடையாது. முதலில் வரையறை, பிறகு அட்டவணை, அப்புறம் நிரூபணம். அட்டவணையில் ஒரு எண் விட்டுப்போச்சு. ஆனா அதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடிக்க முடிந்ததே, எல்லாம் தெளிவா எழுதியிருந்ததால்தான்! 1916ல் அவருக்குப் பட்டம் கிடைத்தது இந்தக் கட்டுரைக்காக.

1920 ஏப்ரல் 26, வயது 32. நோட்டுகள் மிஞ்சின. சிலேட்டில் அழிந்த படிகளைத் திரும்ப எழுத புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியருக்கு ஐந்து தொகுதிகள் தேவைப்பட்டன. முதல் தொகுதி 1985ல் வந்தது, ஐந்தாவது 1998ல்.