இடமில்லை என்று சொன்ன ராத்திரி

டாக்டர் பர்னார்டோவின் வாழ்க்கையை வாசித்தபோது எனக்குக் கண்ணீர் அடங்கலை.

1845-ல் டப்ளினில் பிறந்தவர். சீனாவில் ஊழியம் செய்யும் வாஞ்சையோடு மருத்துவம் படிக்க லண்டன் வந்தார். கர்த்தரோ அந்தத் தெருக்களில் படுத்துக் கிடந்த பிள்ளைகளைக் காண்பித்தார். 1870-ல் ஸ்டெப்னியில் பையன்களுக்கு இல்லம் திறந்தார். ஒரு ராத்திரி 11 வயதுப் பையன் ஒருவன் வந்து கெஞ்சினான். கட்டில் காலியில்லைன்னு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் பசியாலும் குளிராலும் செத்துக் கிடந்தான். அதற்குப் பிறகு ஆதரவற்ற எந்தப் பிள்ளையையும் அவர் திருப்பி அனுப்பவில்லை.

பிள்ளைக்கு இல்லம் மட்டும் போதாது, குடும்பமும் வேண்டுமே! 1886 முதல் கிராமத்துக் குடும்பங்களில் பிள்ளைகளை வளர்க்க விட்டு, செலவுக்குப் பணமும் கொடுத்தார்.

சில பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதமில்லாமலே வைத்துக்கொண்டு கோர்ட்டு ஏறினார். அது தவறுதான். 1891-ல் பார்லிமெண்டு சட்டம் கொண்டுவந்தது: கைவிட்ட பெற்றோரிடம் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கோர்ட்டே தீர்மானிக்கலாம். ஊழியத்தின் அன்புக்குச் சட்டமும் துணை நின்றது.

1905-ல் அவர் மரித்தபோது 8,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் அவர் பராமரிப்பில் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்குது. இடமில்லைன்னு இனி எப்படிச் சொல்வேன்? அரசாங்கத்திடம் முறைப்படி மனு கொடுக்கப் போகிறோம். எங்களுக்காக ஜெபியுங்கள்.